நாற்காலியில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து இன்றுவரை, இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடி, சைக்கிளில் வந்த நூற்று நாற்பது பேரையும் அரைச் சக்கர வித்தியாசத்தில் தோற்கடித்தவர் ஒரே ஒருவர்தான். அந்த நாற்காலிக்குச் சக்கரம்கூடக் கிடையாது.

இந்தச் சாதனையின் பெருமை முழுவதும் வானொலி நிலையத்தின் விளையாட்டுப் பிரிவுப் பொறுப்பாளரையே சேரும். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆகவே எந்த வீரர் பக்கமும் சாயாத நடுநிலையாளர் என்று அவரை அந்தப் பதவியில் அமர்த்தியிருந்தார்கள்.

சென்ற ஆண்டுப் பந்தயத்தை வர்ணித்தவர் ஒரு கால்பந்து நிபுணர். முதல் வளைவில் எட்டுப் பேர் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததும் உணர்ச்சிவசப்பட்டு, "கோல்!" என்று முழங்கிவிட்டார். விழுந்தவர்களின் வீடுகளிலிருந்து கடிதங்கள் வந்தன. நிலைய இயக்குநர் அம்மா உடனே சுற்றறிக்கை விட்டார். இனிமேல் பந்தய வர்ணனை, தொழில்முறைச் சைக்கிள் வீரராக இருந்தவருக்கே. ஞாயிற்றுக்கிழமைக்குள் தகுதியானவர் அகப்படாவிட்டால், பொறுப்பாளர் பழைய ஒலிநாடாக் காப்பறைக்குச் 'சிறப்பு அலுவலராக உயர்த்தப்படுவார்'.

காப்பறை நிலவறையில் இருந்தது. இதற்கு முன் அங்கே உயர்த்தப்பட்டவரை இரண்டு ஆண்டுகளாக யாரும் கண்ணால் பார்க்கவில்லை. தினமும் ஒரு காலித் தேநீர்க் கோப்பை மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது.

பொறுப்பாளர் ஆறுதல் தேடி மனைவியின் அண்ணனிடம் போனார். அது முதல் தவறு. மைத்துனர், பந்தயச் சங்கத்தின் எல்லைக்கோட்டு நடுவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வெள்ளைக் கோட்டைக் கண்கொட்டாமல் பார்த்துப் பார்த்து, கோட்டில் பார்க்காத எதையும் நம்பாத மனிதராகிவிட்டார். தன் கல்யாணம் நடந்ததையே ஃபோட்டோ கழுவி வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார் என்று வீட்டில் சொல்வார்கள்.

"மாப்ளே, சைக்கிள் ஓட்டுறவனுக்குப் பேச மூச்சு இருக்காது. பேசுறவன் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டான். இது நடக்குற காரியமில்ல. போறப்போ கம்பளி எடுத்துட்டுப் போங்க, கீழ குளிரும்."

"உங்க வாயால நல்லதா ஒரு வார்த்தை வராதா மச்சான்?"

"நடந்தா வரும்."

வியாழக்கிழமை தேர்வு நடந்தது. பழைய பந்தயம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, வந்தவர்களைப் பேசச் சொன்னார்கள். பொறுப்பாளரோடு ஒலிப்பதிவுப் பொறியாளர் இருந்தார்; நிலையம் முழுவதற்கும் அவர் 'அக்கா'. மைத்துனரும் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு, நம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வந்தவர் கடைசி இருநூறு மீட்டரில் பாய்ந்து ஜெயிக்கும் புகழ்பெற்ற வீரர். உள்ளே வந்ததும் பொறுப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் குந்திக்கொண்டார். நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லை.

"பேசுங்க சார்" என்றார் பொறுப்பாளர்.

"நீங்க பேசிட்டே இருங்க. நான் உங்க பின்னாடியே வரேன்."

திரையில் எல்லைக்கோடு தெரிந்ததும் முழங்கையால் பொறுப்பாளரின் விலாவில் ஓர் இடி, மைக்கைப் பிடுங்கி, "நான்தான்!" என்று கத்தி, இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

அடுத்தவர் மலைப்பாதை மன்னர். மேடு வந்தால்தான் அவருக்குப் பேச்சு வருமாம். சமதரையில் வீரர்கள் போன இரண்டு மணி நேரத்தையும் பொருமிக்கொண்டே கழித்தார். மூன்றாமவர் ஒற்றையாளாகக் கடிகாரத்தோடு போட்டி போடுபவர். அறையில் வேறு யாராவது இருந்தால் பேசமாட்டேன் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். என்ன பேசினார் என்பது இன்றுவரை தெரியாது. நான்காமவர் அணித்தலைவனுக்குத் தண்ணீர் சுமந்தே பன்னிரண்டு ஆண்டுகள் ஓட்டியவர். சட்டைக்குள் ஏழு பாட்டிலோடு வந்தார். மைக்கை நீட்டியபோதெல்லாம், "நீங்க பேசுங்கண்ணே, தொண்டை காஞ்சா சொல்லுங்க" என்று திருப்பிக் கொடுத்தார். தேர்வு முடிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. யாருக்காவது தாகம் எடுத்தால்?

ஐந்தாவதாக வந்தார் 'முன்னோடி'. கொடி அசைந்ததும் கூட்டத்தை விட்டுத் தனியே பிய்த்துக்கொண்டு ஓடுவதே பதினான்கு ஆண்டுகளாக அவர் தொழில். இருநூற்றுப் பன்னிரண்டு முறை அப்படி ஓடியிருக்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு முறையும் கோட்டுக்குச் சற்று முன்னால் கூட்டம் அவரைப் பிடித்து விழுங்கியிருக்கிறது.

அவர் படம் தொடங்குவதற்கு முன்பே பேச ஆரம்பித்தார்.

"அடுத்த வளைவுல நீலச் சட்டை வழுக்கி விழறாரு!"

திரையில் வளைவே இன்னும் வரவில்லை. வந்தது. நீலச் சட்டை விழுந்தார்.

"இந்தப் படத்தை முன்னாடியே பாத்திருக்கீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லக்கா. அவன் குடும்பத்துலயே யாருக்கும் வளைவு வராது. எனக்கு என்னன்னா, நாலு நிமிஷம் முன்னாடி போனாத்தான் மூச்சே வருது."

பொறுப்பாளர் அவரைக் கட்டிக்கொண்டார். மைத்துனர், "தற்செயல்" என்றார்.

ஞாயிறு வந்தது. பாதை நெடுக ஒலிபெருக்கிகள். வர்ணனையைக் கேட்க வீரர்களின் காதிலும் கருவிகள். நிலையத்தில் முன்னோடி, மேசைக்கடியில் கால்களைச் சுழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தார். பந்தயம் பதினொன்றாவது கிலோமீட்டரில் இருக்கும்போது வர்ணனை பதினான்காவதில் போய்க்கொண்டிருந்தது.

"பாலத்துல நாற்பத்தேழாம் எண்ணுக்குப் பஞ்சர்!"

பாலத்துக்கு அப்போது ஒருவரும் வந்திருக்கவில்லை. நான்கு நிமிடம் கழித்து வந்த நாற்பத்தேழாம் எண்காரர் தயங்கினார். வானொலியில் சொல்லியாகிவிட்டது, கடமை தவறக் கூடாது. இறங்கி, தன் கையாலேயே காற்றைப் பிடுங்கிவிட்டார்.

தொலைபேசி அலறியது. இயக்குநர் அம்மா.

"அபாரம்! மத்த நிலையமெல்லாம் நடந்ததுக்கு அப்புறம் சொல்லிட்டிருக்கான். நாம நடக்கறதுக்கு முன்னாடியே சொல்றோம். இதுதான் 'நவீன ஒலிபரப்பு'. கடைசி வரைக்கும் இப்படியே முன்னாடி போகணும். பந்தயம் நம்மளைப் பிடிச்சிடுச்சுன்னா, காப்பறைச் சாவி என் மேசை மேலதான் இருக்கு."

பொறுப்பாளர் அந்தச் செய்தியைத் துண்டுச் சீட்டில் எழுதி முன்னோடிக்குக் காட்டினார். அவர் படித்தார். இருநூற்றுப் பன்னிரண்டு தோல்விகளும் ஒன்றாக வந்து அவர் தோளில் உட்கார்ந்தன.

விபரீதம் நூற்று எழுபதாவது கிலோமீட்டரில் தொடங்கியது. யாரோ ஒருவன் தங்களுக்கு நான்கு நிமிடம் முன்னால் போகிறான் என்பது வீரர்களுக்கு உறைத்துவிட்டது. முன்னால் ஒருவன் போனால் துரத்துவது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. அவன் சாலையில் போகிறானா வானொலியில் போகிறானா என்று பார்க்கமாட்டார்கள். பரம விரோதிகளான அணிகளெல்லாம் கைகோத்துக்கொண்டு வானொலியைத் துரத்தின.

மோட்டார் சைக்கிளில் போன நிருபரிடம் கேட்டுக் கேட்டு அக்கா அறிவித்தார்.

"மூணு நிமிஷம்... ரெண்டரை... ஐயோ, ஒண்ணே முக்கால்!"

"பேசுங்க! வேகமாப் பேசுங்க!" என்று பொறுப்பாளர் கைகளைப் பிசைந்தார்.

தண்ணீர்க்காரர் பாய்ந்து வந்து முன்னோடியின் தலையில் ஒரு பாட்டிலைக் கவிழ்த்தார். பிறகு மேசை விசிறிக்கும் அவருக்கும் நடுவே குனிந்து நின்று எதிர்க்காற்றை மறைத்தார். பன்னிரண்டு ஆண்டு அனுபவம் அல்லவா!

"நாற்பது விநாடி!"

எடை குறைப்பதற்காக முன்னோடி முதலில் அடைமொழிகளைத் தூக்கி எறிந்தார். பிறகு விளம்பரதாரர்களின் பெயர்களை. கடைசிக் கிலோமீட்டரில் வினைச்சொற்களும் போயின.

"பத்து விநாடி! பின்னாடியே வந்துட்டாங்க!" அக்கா நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"சிவப்பு... இடது... நீலம்... முழங்கை... கோடு! அறுபத்தொண்ணு! அறுபத்தொண்ணு!"

முன்னோடி மைக்கின் மேலேயே சாய்ந்தார். எல்லைக்கோட்டில் எழுந்த ஆரவாரம் அதற்குப் பிறகுதான், ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்து, வந்து சேர்ந்தது. பதினான்கு ஆண்டுகளில் முதல் முறையாக அவரை யாரும் பிடிக்கவில்லை. அவர் அழுதார். தண்ணீர்க்காரர் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானும் அழுதார்.

திங்கட்கிழமை ஒரு புகார் வந்தது. உண்மையில் முதலில் வந்தவர் பதினெட்டாம் எண்ணே என்று அவருடைய அணி எழுதியிருந்தது. இயக்குநர் அம்மா ஆய்வுக்கூட்டம் கூட்டினார். காப்பறைச் சாவி மேசை நடுவே கிடந்தது. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் எல்லைக்கோட்டு நடுவர்; அதாவது, நம் மைத்துனர். பொறுப்பாளர் அன்று கையோடு கம்பளி கொண்டுவந்திருந்தார்.

"சொல்லுங்க. வர்ணனை கடைசி வரைக்கும் பந்தயத்துக்கு முன்னாடியே வந்துச்சா?"

மைத்துனர் எழுந்தார். வாழ்நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு பக்தி தெரிந்தது.

"நடந்தது உண்மைதாங்க. நான் சாட்சி. அரைச் சக்கரம் முன்னாடி, ரேடியோதான் ஜெயிச்சது. மாப்ளே, என்னை மன்னிச்சிடுங்க."

பொறுப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இயக்குநர் அம்மா சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"ரொம்ப சந்தோஷம். அப்போ சைக்கிள்ல முதல்ல வந்தது யாருன்னும் சொல்லிடுங்க, பதிவேட்டுல ஏத்திடலாம். அறுபத்தொண்ணா, பதினெட்டா?"

மைத்துனர் தலையைச் சொறிந்தார்.

"அது தெரியாதுங்க."

"தெரியாதா? கோட்டுல எடுத்த ஃபோட்டோ எங்கே?"

அவர் பையிலிருந்து படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். துல்லியமான படம். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி பளிச்சென்று விழுந்திருந்தது.

"ரேடியோ ஜெயிக்குதான்னு எல்லாரும் அதையே பாத்துட்டிருந்தோம்மா" என்றார். "மூவாயிரம் பேர் இருந்தோம். பந்தயத்தை ஒருத்தர்கூடப் பாக்கலை."