பேன்ட்ரி சாப்பாட்டை விட்டுக்கொடுத்த படலம்

பீளமேட்டுப் பட்டறை வேந்தரும், மோட்டார் பம்புகளின் குலபதியும், டெல்லிப் பொருட்காட்சியில் மூன்று நாள் நின்றே கால் வீங்கிய தீரருமான வேங்கடசாமி வாழ்க; அவர்தம் கொற்றம் வாழ்க; கன்ஃபார்ம் ஆன அவரது கீழ் பெர்த்தும் நெடிது வாழ்க. கோவைக்குத் திரும்பும் அந்நெடுந்தூர இரயிலில் அன்று பிற்பகல் அவர் ஆற்றிய அறப்போரை யாம் பாடப் புகுகின்றோம். அதற்குமுன் இரயிலின் அடுக்களைப் பெட்டியாம் பேன்ட்ரி காரை வணங்குகின்றோம். வணங்காவிட்டாலும் அது தருவதைத்தான் தரும்.

யாது தரும் எனின், கேளீர். ஆறிய பின்னரே ஆளைச் சேரும் அலுமினியப் பேழை. அதனுள் கட்டிதட்டிக் கிடக்கும் வெண்சோறு. எவ்விசைக்கும் கிழிந்து கொடாத சப்பாத்தி இரண்டு. பருப்பைக் கண்ணாலும் கண்டிராத டால். மஞ்சட்கடல் நடுவே தனித்தீவாய்த் தவமிருக்கும் ஒரே பனீர்த் துண்டு. பல்லால் கடித்தாலன்றித் திறவாததும், திறந்த மாத்திரத்தில் சட்டையில் தெறிப்பதுமான ஊறுகாய்ப் பொட்டலம். இவ்வமுதுக்கு ஆர்டர் கொடுத்து, “பத்தே நிமிசம் சார்” என்ற பேன்ட்ரிக்காரரின் சொல்லை வேதவாக்காகக் கொண்டு, நம் தீரர் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய சர்க்கரை மாத்திரையை விழுங்கி ஒரு மணி நேரம் கடந்திருந்தது. பின்னால் சோறு வராத மாத்திரை, உடம்பின் சர்க்கரையைக் கீழே இறக்கத் தொடங்கியிருந்தது.

வந்தது பேழை. “இதான் சார் கடைசி. இனி ராத்திரிக்குத்தான்” என முழங்கி அகன்றார் பேன்ட்ரிக்காரர். மூடியில் விரல் வைத்த வேங்கடசாமி, ஐயகோ, நிமிர்ந்து பார்த்தார். எதிர் இருக்கையில் கோட்டைமேட்டு ஜவுளி வணிகர் கலீல் ரஹ்மான் சும்மா அமர்ந்திருந்தார். சொந்த ஊர்க்காரர் ஒருவர் சும்மா இருக்க, அவர் கண்ணெதிரே தனித்து உண்பவன் கொங்கு மண்ணில் பிறந்தவனாவனோ? ஆகான்.

“ஏனுங்க, இதைச் சாப்பிடுங்க” என்று முதல் கணை பாய்ந்தது.

“நான் அப்பவே சாப்பிட்டுட்டனுங்க” என்று கேடயம் உயர்ந்தது.

சாப்பிட்டேன் என்பவரை நம்பிவிடுவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. பட்டினி கிடப்பவரும் அதையேதான் சொல்வார். ஆதலின், வயிறு ஒட்டி முதுகைத் தொட, நெற்றியில் வியர்வை அரும்ப, தீரர் இரண்டாம் கணையைத் தொடுத்தார்: “எனக்குப் பசியே இல்லீங்க. காத்தால தின்ன தோசையே இன்னும் நெஞ்சுல நிக்குதுங்க.” அது பச்சைப் பொய்.

“நெசமாவே வயிறு நெறஞ்சிருக்குதுங்க.”

“நம்மூர்க்காரரைப் பட்டினி போட்டுட்டு நான் திங்கறதுங்களா?”

அக்கணை தப்பாது. இதற்குமேலும் மறுத்தால், ‘என் கைச்சோறு ஆகாதோ’ என்று அவர் மனம் நோகுமே என அஞ்சிய கலீல் ரஹ்மான் பேழையைப் பெற்றுக்கொண்டார். “பாத்தீங்களா, பசியோடதான் இருந்திருக்கீங்க” என்று நெகிழ்ந்தார் வேங்கடசாமி. விழி பிதுங்க, பெல்ட்டைத் தளர்த்தி, கவளத்துக்கொரு மிடறு தண்ணீர் குடித்துக் கலீல் ரஹ்மான் அச்சோற்றை உள்ளே தள்ள, அதனைப் பெரும்பசியென்றே கருதிய நம் வெற்றிவீரர், காது அடைக்க, கண் இருள, அடுத்துச் சோறு கிடைக்கும் வாரங்கல் வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்க, ஈகையின் சிகரத்தில் தனித்து நடுங்கிக்கொண்டு வீற்றிருந்தார்.

கலீல் ரஹ்மான் நாக்பூரிலேயே சாப்பிட்டிருந்தார்.