மூன்று கால் ஆடும் ஐந்து ஞானிகளும்

ஐந்து ஞானிகள், ஐந்து அறைகள். ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லையாம்! தனித்தனியே சொல்வார்களாம், ஐந்தும் ஒத்துப்போனால் அதுதான் தீர்ப்பாம். அடேயப்பா, இதற்குமேல் விஞ்ஞானம் என்ன வேண்டிக்கிடக்கிறது? கூட்டம் தெருமுனை வரை நின்றது.

"ஒருத்தர் தப்பாச் சொல்லலாம். அஞ்சு பேருமா தப்பாச் சொல்வாங்க?" என்றாள் தையற்காரரின் மனைவி.

அவளுக்கு வயிற்றில் கட்டி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு டாக்டர்கள் சோதித்துப் பார்த்து, தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றுவிட்டார்கள். நாளைக் காலை ஆபரேஷன். ஞானிகள் சம்மதித்தால்தான் வருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். தையற்காரரும் கூடவே வரிசையில் நின்று சுற்றுமுற்றும் கவனித்தார்.

வாசலில் ஓர் அம்மாள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். "முகமெல்லாம் வாடிக் கிடக்கே, வீட்டுல என்ன கஷ்டம்?" என்று கேட்டதும் அவரவர் கொட்டித் தீர்த்தார்கள். பிறகு தண்ணீர் பிடிக்க உள்ளே போவாள். குழாய் என்னவோ வாசலில்தான் இருந்தது.

மனைவி குழாயடியில் முகம் கழுவும் நேரம் பார்த்து, தையற்காரர் அந்த அம்மாளிடம் குரலைத் தழைத்தார். "எங்க வீட்டு மூணு கால் ஆடு செத்துப்போச்சும்மா. அதுலேர்ந்துதான் இவளுக்கு வயித்து வலி."

முதல் ஞானி கண்ணை மூடினார். "ஆடு தெரியுது... மூணு கால். அதோட சாபம்! உடம்புல கத்தி படக்கூடாது. இந்தத் தாயத்தை வாங்கிக் கட்டிக்க."

இரண்டாம் அறையிலும் அதே ஆடு, அதே தாயத்து. மூன்றாவதில் ஆடு மேய்ந்தது. நான்காவதில் கதறியது. ஐந்தாவது ஞானி ஆட்டுக்காகக் கண்ணீரே விட்டார்.

"நாம ஏதுங்க ஆடு வளர்த்தோம்?" என்று மனைவி திருதிருவென விழித்தாள்.

"இரு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டு வரேன்." தையற்காரர் மறுபடி அறை அறையாகப் போனார். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் பின்னாலேயே போனது. "சாமி, எந்தக் கால் இல்லை?"

முன்னங்கால், இடது என்றார் முதலாமவர். வலது என்றார் அடுத்தவர். மூன்றாமவர் பின்னங்கால், இடது என்றார். நான்காமவர் அதிலும் வலது. ஆக, பாவம், ஆடு வயிற்றால்தான் ஊர்ந்திருக்க வேண்டும். ஐந்தாமவர் எல்லோருக்கும் ஒருபடி மேலே போய், "நடுக்கால்" என்றார்.

"ஆடே கிடையாதுங்க! தண்ணி குடுத்த அம்மாகிட்ட நான் விட்ட புளுகு. அவங்ககிட்ட சொன்னதுல அஞ்சு பேரும் ஒத்துமை. சொல்லாததுல ஆளுக்கொரு கால்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஒருவர் மட்டும், "அப்போ அந்த ஆட்டைப் புதைச்சாச்சா?" என்று கவலையாகக் கேட்டார்.

மனைவி ஐந்து தாயத்துகளையும் அறுத்து எறிந்தாள். "அஞ்சு பேரைக் கேட்டேன்னு நெனச்சேனே! ஒரே வம்பை அஞ்சு தடவை கேட்டிருக்கேன். வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். பயமாத்தான் இருக்கு, கையைப் பிடிச்சுக்கோங்க."

ஐந்து பேர் சொன்னார்கள் என்று தலையாட்டும் புண்ணியவான்களே, அந்த ஐந்து பேருக்கும் யார் சொன்னது என்று ஒருமுறையாவது கேளுங்கள். இல்லையென்றால் அந்த மூன்று கால் ஆடு வேறு யாருமல்ல, நீங்கள்தான்.