மொரீஷியஸ் சோபாவும் ஒரு கத்திரிக்காயும்

ஆம்பூர்க்காரன் ஒரு மனிதரைச் சந்தித்தால் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். போட்டிருப்பது தோல்தானா, தோலென்றால் ஆடா மாடா என்பதெல்லாம் தெளிவான பிறகுதான் ‘சௌக்கியமா?’ என்று கேட்பான். கல்யாண மண்டப வாசலில் ஊரார் கழற்றிப்போட்ட ஷூவை ஒருவர் கையிலெடுத்து, வளைத்து, முகர்ந்து பார்ப்பதைக் கண்டால் திருடன் என்று கத்திவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரராக இருப்பார். நானும் அப்படி முகர்ந்து பார்க்கிறவன்தான். ஆனால் எனக்குத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வாழ்நாளெல்லாம் தோல் கம்பெனியில்தான் வேலை. ஆனால் ஏற்றுமதிக் காகிதங்கள் டைப் செய்யும் அறையில். ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, அதற்கு ஏ.சி. போட்டு உட்காரவைத்த மாதிரி. இந்த ரகசியம் ஊருக்குள் யாருக்கும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். மொரீஷியஸுக்குப் போகும்வரை.

எங்கள் கல்யாண வெள்ளி விழாவுக்கு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் நிவேதா தந்த பரிசு அந்தப் பயணம். ஓட்டல் இல்லை. கடலைப் பார்த்தபடி ஒரு அபார்ட்மென்ட். நாமே சமைத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டதும் என் மனைவி சாந்தியின் முகம் வாடிவிட்டது.

“அடுப்பு கிட்ட நிக்கிறதுக்கு எதுக்குங்க பிளேன் ஏறணும்? அது நம்ம வீட்லயே இருக்குதே.”

“நீ அடுப்பு பக்கமே வராத. நான் சமைக்கிறேன்” என்றேன். (இதுவும் நான் காகிதத்தில் மட்டும் அறிந்த துறைதான்.)

விமான நிலையத்தில் நிவேதா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். “ப்பா, என் அக்கவுன்ட்ல புக் பண்ணிருக்கேன். நாம எப்படித் தங்கினோம்னு வீட்டுக்காரங்க அதுல எழுதுவாங்க. இதுவரைக்கும் எனக்கு ஃபுல் ஸ்டார். ஒரே ஒருத்தர் கெட்டதா எழுதினாக்கூட அப்புறம் எவனும் எனக்கு வீடு குடுக்க யோசிப்பான். தயவுசெஞ்சு அங்க போய் எதையும் ரிப்பேர் பண்ணாத.”

“நான் இன்னா சின்னப் புள்ளையா?”

“சின்னப் புள்ளைங்க மிக்ஸியக் கழட்ட மாட்டாங்கப்பா.”

வீடு அருமையாக இருந்தது. வீட்டுக்காரம்மா மேடம் செல்லன், தமிழ் வம்சாவளி. மாடியில் குடியிருந்தார். நெற்றியில் பொட்டு, காலில் நல்ல செருப்பு (பார்த்தேன்). தமிழில் ‘வணக்க’மும் ‘அரோகரா’வும் மட்டும் தெரியும், மீதியெல்லாம் பிரெஞ்சு வாசனையடிக்கிற இங்கிலீஷ். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதும் நான் நேராக ஹாலில் இருந்த வெண்ணெய் நிற சோபாவிடம் போனேன். கட்டைவிரலால் அழுத்தினேன். குனிந்து முகர்ந்தேன்.

“கன்னுக்குட்டித் தோல். சாந்தி, இந்த ஃபினிஷிங் நம்ம பக்கத்துல எவனும் குடுக்க முடியாது.”

“முதல்ல பெட்டிய உள்ள எடுத்துட்டு வாங்க” என்றாள் சாந்தி.

மறுநாள் மதியம் என் கைவண்ணத்தில் பிரியாணி என்ற பெயரில் ஒன்றும், அதற்குத் தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காயும் தயாராயின. பிரியாணியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கத்திரிக்காய் மட்டும், எப்படியோ, நன்றாக அமைந்துவிட்டது. அந்தத் திமிரில் தட்டை எடுத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி சாப்பிட சோபாவில் போய் உட்கார்ந்தேன். காம்பைப் பிடித்து ஒரு கத்திரிக்காயைத் தூக்கினேன். காம்பு கையில் நின்றது. கத்திரிக்காய் சோபாவில் விழுந்தது.

சாந்தி பதறவில்லை. டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாள். லேசான மஞ்சள் நிழல் மட்டும் மிச்சம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

“மேடம்கிட்ட சொல்லிடலாங்க. நல்ல மனுஷி.”

எனக்கோ அந்த மஞ்சளில் மகளின் ஸ்டார்கள் ஒவ்வொன்றாக உதிர்வது தெரிந்தது. எங்கள் கம்பெனியில் தோலுக்கு ஃபினிஷிங் கொடுக்கும் பிரிவில் இருக்கும் என் தோஸ்த் அன்வர் பாயை வீடியோவில் பிடித்தேன்.

“முதல்ல அது தோலா, ரெக்சினான்னு பாரு” என்றார்.

“இன்னா பாய், எங்கிட்டயே கேக்கறியா?”

“சரி சரி. தோலுன்னா சும்மா வுடு. எண்ணெய அதுவே குடிச்சிக்கும். கைய வெக்காத.”

சும்மா விடுவதற்கா ஆம்பூரில் பிறந்தேன்? அவருடைய பிரிவில் பஞ்சில் அசிட்டோனைத் தொட்டுத் தோலைத் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். எதற்குத் தேய்க்கிறார்கள் என்று கேட்டதில்லை. (சாயம் தாங்குமா, உரிந்து வருமா என்று சோதிக்கத்தானாம். பிறகு தெரிந்துகொண்டேன்.) நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் அதே அசிட்டோன் உண்டு என்பது நினைவு வந்தது. சாந்தி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.

பஞ்சில் மஞ்சள் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னும் தேய்த்தேன். அடுத்து வெண்ணெய் நிறம் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரே இடம் மட்டும் வெளிறித் தெரிகிறதே, சுற்றிலும் சமப்படுத்திவிடலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தேன். கத்திரிக்காய் அளவில் இருந்த கறை பூசணிக்காய் அளவுக்கு விரிந்தது. மேல்பரப்பு பலாப்பழப் பிசின் மாதிரி இழுத்தது. பூசணியின் நடுவில், சட்டை கிழிந்து பனியன் தெரிவது போல, வலைத்துணி தெரிந்தது.

கன்றுக்குட்டிக்கு உள்ளே வலைத்துணி எப்படி வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது.

குளித்துவிட்டு வந்த சாந்தி கதவைத் திறந்தாள். மேடம் செல்லன், கையில் வாழைப்பழப் பலகாரத் தட்டோடு. அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றிய ஒரே வழியைச் செய்தேன். கறையின் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“வணக்கம்!” என்று அவர் கைகூப்பினார். வயதில் மூத்தவர். எழுந்திருக்காமல் நானும் கும்பிட்டேன். சாந்தி என்னை முறைத்தாள்.

“எழுந்திருங்க, பெரியவங்க நிக்கிறாங்க.”

“முடியல.”

“இன்னா முடியல?”

மேடத்துக்குத் தமிழ் புரியாவிட்டாலும் என் முகம் புரிந்தது. நெஞ்சுவலி என்று நினைத்துவிட்டார். தட்டை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனை எடுத்தார். வேறு வழியில்லை. எழுந்தேன். நான் எழுந்தேனே தவிர லுங்கி எழுந்திருக்கவில்லை. (உள்ளே அரைக்கால் சட்டை போட்டிருந்தேன். எங்கள் குலதெய்வம் கைவிடவில்லை.) பிறகு சாந்தி ஒருபக்கம், மேடம் மறுபக்கம் பிடித்து இழுத்ததில், பழைய போஸ்டரைக் கிழிக்கிற சத்தத்தோடு லுங்கி பிரிந்தது. சோபாவில் நீலக் கட்டங்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

அந்த லுங்கி குடியாத்தத்தில் என் மச்சான் தறியில் நெய்தது. சாந்தி சோபாவைப் பார்த்தாள். லுங்கியைப் பார்த்தாள்.

“எங்கண்ணன் தறி லுங்கி சாயம் போவாதுங்க” என்றாள். அவளுக்கு அந்த நேரத்தில் அதுதான் பெரிய துக்கம்.

நான் என் இங்கிலீஷை எல்லாம் திரட்டி, கன்றுக்குட்டித் தோலின் தன்மைகளிலிருந்து விளக்க ஆரம்பித்தேன். மேடம் இடைமறித்தார். “தோலா? கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் தோல் வைத்தால் பூஞ்சை பிடித்துவிடாதா? இது பிளாஸ்டிக். நீங்கள் எந்த ஊர் என்று சொன்னீர்கள்?”

“வேலூர்” என்றேன். ஆம்பூர் பெயரையாவது காப்பாற்றலாமே.

“ஆம்பூர்” என்றாள் சாந்தி.

சோபாவுக்கு ஆன செலவை நான் கொடுத்துத் தீர்த்தேன். மிச்சமிருந்த கத்திரிக்காயைச் சாந்தி மேடத்துக்குக் கொடுத்தாள். ஆனால் மேடம் எழுதியதை எதைக் கொடுத்தும் அழிக்க முடியாது. ‘அன்பான தம்பதி. கத்திரிக்காய் மிகவும் சுவை. கணவர் தோல் நிபுணர்; அவரை சோபாவோடு தனியாக விட வேண்டாம்.’ நிவேதா பயந்தபடியே ஒரு ஸ்டார் குறைத்திருந்தார். நிவேதா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாளாம்.

போன மாதம் அதே அக்கவுன்ட்டில் ஏலகிரியில் ஒரு வீடு எடுத்தாள். வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தோல் சார் நீங்கதானா?”

ஹாலில் இரண்டு கோரைப்பாய் விரித்திருந்தார்கள். “சோபா ரிப்பேருக்குப் போயிருக்கு சார்” என்றார். சாந்தியும் நிவேதாவும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பாயில் உட்கார்ந்து எதிரே பார்த்தேன். பூட்டியிருந்த அறைக் கதவின் அடியில் நாலு விரல் இடைவெளி. அதன் வழியே சோபாவின் கால்கள் தெரிந்தன.

தேக்குதான். கிட்டத்தில் போய் முகர்ந்து பார்த்தால் நிச்சயமாகச் சொல்லிவிடுவேன்.