பாக்கியம் வீட்டு வாசலை நான் அடைத்த கதை

"முடியும்" என்று சொல்லியே பிழைத்தவன் நான். கெட்டதும் அதைச் சொல்லித்தான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன், ரயில்பாதைக்குக் கல் உடைத்தேன், கிள்ளானில் ஒரு சீனத் தச்சரிடம் மூன்று மாதம் பலகை சுமந்தேன். (சுமந்ததோடு சரி. அறுத்ததில்லை.) அந்தத் தகுதியோடு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து கண்டிராக்டர் ஆனேன்.

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் அதை நம்பிவிட்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு பலகை வீடு, கல்யாண வயதில் பாக்கியம் என்றொரு மகள். மூன்று இடத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் பேச்சில்லாமல் போயிருந்தார்கள். பழி மேற்கு வாசல்மேல் விழுந்தது.

"தம்பி, வெள்ளிக்கிழமை கிள்ளான்காரங்க பொண்ணு பார்க்க வராங்க. வாசலைக் கிழக்கே மாத்த முடியுமா?"

"முடியும் சார்."

அவர் மனைவி பஞ்சாங்கத்தோடு வந்தார். "ரெண்டு தலைவாசல் ஆகாது. அன்னிக்குக் காலையில நல்ல நேரத்துக்குள்ள பழசை அடைச்சு, புதுசுக்கு நிலை வச்சிடணும்."

"முடியும்க்கா." கிழக்குச் சுவரை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பழைய கதவை ஆணி அடித்து இறுக்கினேன். (நான் ஒழுங்காகச் செய்த ஒரே தச்சுவேலை.) பிறகு கிழக்கே இரண்டு பலகையைப் பெயர்த்தால், கூரையைத் தாங்கும் தூண் நட்டநடுவில் நிற்கிறது! நான் தூணைப் பார்க்க, கிராணி என்னைப் பார்க்க, ராகுகாலம் பிறந்தது. கிள்ளான்காரர்களும் வந்துவிட்டார்கள்.

"பழசைப் பிரிடா!" என்றார் கிராணி.

"ராகுகாலத்துலயா? தொடாதே!" என்றார் மனைவி.

அடுப்படிக் கதவு இருந்தது. ஆனால் அதற்கு வெளியே கக்கூஸ் வாளி எடுக்கும் சந்து. சம்பந்தியை அந்த வழியாகவா அழைப்பது? ஜன்னலுக்கு வெளியே பெஞ்சு போட்டோம். பலகாரம் கம்பிகளுக்கு நடுவே போனது.

மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்: "கிராணி ஐயா, பொண்ணு பார்க்க வந்தோமா, டிக்கெட் வாங்க வந்தோமா?"

பெரியவர்கள் எல்லாரும் என்னை ஏசக் கிழக்குப் பக்கம் கூடிவிட்டார்கள். ஜன்னலண்டை பாக்கியமும் மாப்பிள்ளையும் மட்டும்.

"கோவமா?" என்றது பாக்கியம்.

"இன்னொரு வடை கிடைச்சா இல்லை."

இருவரும் சிரித்தது எங்களுக்கே கேட்டது. ராகுகாலம் முடிந்து நான் ஆணி பிடுங்கியபோது, மாப்பிள்ளை தன் தாயாரிடம் நாள் குறிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கிராணிக்கு இப்போது பேரப்பிள்ளைகள். வாசல் மேற்கேதான் இருக்கிறது, திறந்தே கிடக்கும். ஆனாலும் நான் போனால் உள்ளே விடமாட்டார்கள். தாய்வீடு வந்திருக்கும் பாக்கியம் ஜன்னலுக்கு வந்து, "அண்ணனுக்கு எந்த ஊருக்கு டிக்கெட்?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியை நீட்டும்.