பத்தடி பலூனுக்கு வாங்கிய ஸ்கோப்

கூச்சப்படுகிற ஆள் கடை வைக்கக் கூடாது. அதிலும் குற்றாலத்தில், சீசன் நேரத்தில், பலூன் சுடுகிற கடை வைக்கவே கூடாது. பக்கத்துக் கடைக்காரர்கள் தொண்டை கிழியக் கூப்பிடும்போது நான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். யாராவது தானாக வந்து சுடலாமா என்று கேட்டால்தான் வாய் திறக்கும். (திறந்தாலும் "ம்" என்றுதான் வரும்.)

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. இப்படிப்பட்டவனுக்குப் பெண் தேடுவது எவ்வளவு சிரமம் என்று என் அக்காவிடம்தான் கேட்க வேண்டும். தென்காசியைச் சுற்றி அவள் ஏறி இறங்காத வீடு இல்லை. கடைசியில் கடையத்தில் ஒரு இடம் அமைந்தது. பெண் பெயர் முத்துலட்சுமி. அவளுடைய அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். என் போட்டோவுக்கும் ஜாதகத்துக்கும் தலையாட்டியவர், தொழிலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். பலூன் கடைக்காரன் எல்லாம் துப்பாக்கிக் குறியை வளைத்து வைத்து ஊரை ஏமாற்றுகிறவன்; நானே வந்து சுட்டுப் பார்ப்பேன், துப்பாக்கி நேராகச் சுட்டால்தான் மேற்கொண்டு பேச்சு என்று நாளும் குறித்துவிட்டார்.

நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. கடையை எனக்கு விற்றுவிட்டுப் போனவர் குழல் நுனியில் இருந்த குறியை வலது பக்கமாக வளைத்து வைத்திருந்தார். நானும் இரண்டு சீசனாக அதைக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். அன்றைக்கே குறடு எடுத்து நிமிர்த்தினேன். நிமிர்ந்தது. அடுத்த நிமிஷம் ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

அவர் வர இன்னும் பத்து நாள். துப்பாக்கியில் குறி இல்லை. அப்போதுதான் குழலுக்கு மேலே ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தூரக்கண்ணாடி, மாட்டலாம் என்று தோன்றியது. புது செல்போனுக்காக வைத்திருந்த பணத்தை அதற்கு ஒதுக்கினேன்.

பழைய போனில்தான் தேடினேன். என் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, வாங்கினவர்கள் எழுதியிருந்ததை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஒருவர் இருநூறு கஜத்தில் மானை அடித்தாராம். இன்னொருவர் பனிமலையில் காட்டுப்பன்றியை அடித்தாராம். (என் பலூன் பத்தடியில் தொங்குகிறது.) ஆனாலும் நான் மூன்று விஷயத்தில் தெளிவாக இருந்தேன். பெண்களும் பிள்ளைகளும் தூக்குகிற துப்பாக்கி, அதனால் எடை குறைவாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும், அதைத் தாங்க வேண்டும். குற்றாலச் சாரலில் கண்ணாடிக்கு உள்ளே பனி பிடிக்கக் கூடாது. இவ்வளவும் என் கையில் இருந்த காசுக்குள் வர வேண்டும்.

ஒரு வாரம் தூங்காமல் தேடி, ஒரு பெரிய மாங்காய் எடைதான் இருக்கிற ஒன்றைப் பிடித்தேன். பார்சல் சனிக்கிழமை வந்தது. மாட்டினேன். உதறிப் பார்த்தேன், அசையவில்லை. வாளித் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. மலையைப் பார்த்தேன். பாறையில் உட்கார்ந்திருந்த குரங்கு பேன் பார்ப்பது கூடத் தெரிந்தது. கடைக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு பால்டின்னை வைத்து, இருபத்தைந்து எட்டு எடுத்து வைத்துத் தள்ளி நின்று திருகித் திருகிச் சரி செய்தேன். ஐந்து ரவையும் டின்னில். எனக்குக் கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஞாயிறு. நல்ல சாரல், நல்ல கூட்டம். அக்கா முன்னால் வர, ஹவில்தார் மீசையை முறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார். முத்துலட்சுமி குடை பிடித்து வந்தாள். ஹவில்தார் வருகிறார் என்று பலகையில் புது வெள்ளைத் தாள் ஒட்டி, அதன்மேல் எலுமிச்சை அளவுக்கு ஊதிய பலூன்களைக் கட்டியிருந்தேன். துப்பாக்கியை நீட்டினேன். ஸ்கோப்பைப் பார்த்து, "பரவால்லியே" என்றார்.

முதல் ரவை, பலூன் உடையவில்லை. இரண்டாவது, மூன்றாவது, அதுவும் இல்லை. ஸ்கோப்பைத் துண்டால் துடைத்தார். பலூன் கலர் கலராகப் புகை மாதிரி தெரிகிறது என்றார். அதற்குள் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றுவிட்டார்கள். பெருசுக்குக் கண்ணாடி போடணும் என்று கூட்டத்தில் ஒருத்தன் சொன்னான். அக்கா சாமி கும்பிட ஆரம்பித்தாள். பத்து ரவையும் தீர்ந்தது. பத்து பலூனும் ஆடிக்கொண்டிருந்தன.

அவர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே என் கல்யாணம் முடிந்துபோனது தெரிந்தது.

"ஏட்டி, வா போவோம். நான் சொன்னது சரியாத்தான் இருக்கு."

முத்துலட்சுமி போகவில்லை. பலகைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

"யப்பா, இங்கன வந்து பாருங்க. ஒரு ரவைகூட பக்கவாட்டுல போகல. எல்லாம் பலூனுக்கு நேர் கீழ, ரெண்டு வெரல் தள்ளித்தான் பட்டிருக்கு. ஏமாத்துதவன் இம்புட்டு ஒழுங்காவா வளைப்பான்?"

ஹவில்தார் போய்ப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏ தம்பி, இதை எங்கன வச்சு சரி பாத்தே?"

நான் பேசினேன். மண்மேடு, பால்டின், இருபத்தைந்து எட்டு எல்லாம் சொன்னேன். பேச்சு வேகத்தில், குறி முதலில் வளைந்துதான் இருந்தது, இரண்டு சீசனாகப் பேசாமல் இருந்தேன், நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் நிமிர்த்தினேன், ஒடிந்துபோயிற்று என்பதையும் சொல்லிவிட்டேன். என் ஆயுசில் அதுவரைக்கும் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர் மறுபடி பலகையைப் பார்த்தார். அப்புறம் மீசை ஆடியது. பிறகு வயிறு குலுங்கியது.

"கேக்காததை எல்லாம் நீயே சொல்லுதியே, உன்னை வச்சு இந்தக் கடை எப்படிலே ஓடுது?"

பிறகு அவரே விளக்கினார். ஸ்கோப் குழலுக்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்திருக்கிறது. தூரத்துக்குச் சரி செய்தால் தூரத்தில்தான் பார்வையும் ரவையும் சேரும். பத்தடியில் ரவை கீழேதான் போகும், பார்வையும் மங்கும். பட்டாளத்தில் இருந்த தனக்கு இது மறந்துபோனதே என்று அவருக்கே வெட்கம். முத்துலட்சுமி குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மங்கலாகத் தெரிந்த பலூனுக்கு இரண்டு விரல் மேலே குறி வைத்துச் சுட்டாள். பத்துக்கு ஏழு உடைந்தது. நான் சாரலில் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனாம். (எனக்கு நினைவில்லை.)

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்த ஸ்கோப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். அது ஒழுங்காகச் சுட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், மாமாவும் என்னை யார் என்று தெரிந்துகொண்டிருக்க மாட்டார். வீட்டுக்கு எதை வாங்கப் போனாலும், மிக்சியோ மின்விசிறியோ, முத்துலட்சுமி ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். "எத்தனை அடிக்கு வாங்கப் போறீய?"

மாமா இன்றைக்கும் விசேஷ வீடுகளில் நாலு பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்கிறார். "பத்து ரவை போட்டேன், ஒரு பலூன் சிக்கல. மாப்ளதான் சிக்குனாரு" என்று முடிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருக்கும் முத்துலட்சுமி வாளியோடு நின்று, "அதையும் நான்தான் காட்டிக் குடுத்தேன்" என்பாள்.

நான் "ம்" என்பேன்.