சட்டை போடாத காரில் ஒரு புண்ணியார்ச்சனை

கூச்ச சுபாவம் உள்ளவன் கார் செய்யக் கூடாது. கட்டில் செய்யலாம், கோழிக்கூண்டு செய்யலாம். அதில் தப்பு வந்தால் விஷயம் வீட்டோடு போய்விடும். கார் அப்படியில்லை. நாலு பேரிடம் நாலு சந்தேகம் கேட்டாக வேண்டும். நானோ, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தகரம் அடிக்கும் டிங்கராக இருந்தேன். எட்டாவது முடித்த கையோடு போனவன், முட்டி தேய்ந்த பிறகுதான் வெளியே வந்தேன். தகரம் என் பேச்சைக் கேட்கும். வளை என்றால் வளையும், நிமிர் என்றால் நிமிரும். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறைக்கு லாரி வரும்போதே என்ஜினோடும் சக்கரத்தோடும் ஓடித்தான் வரும். நாங்கள் மேலே பாடி கட்டி அனுப்புவோம். கீழே என்ன இருக்கிறது என்று நான் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. (பார்த்திருக்கணும்.)

வேலையை விட்டுவிட்டு, கொல்லிமலையில் குண்டனி நாட்டில் (நாலைந்து ஊர் சேர்ந்தால் எங்கள் மலையில் அது ஒரு நாடு) இருக்கிற எங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தோம். மரவள்ளியையும் மிளகையும் என் மனைவி பழனியம்மா பார்த்துக்கொண்டாள். நான் எதைத் தொட்டாலும் "அதைத் தொடாதீங்க" என்றாள். எனவே பெங்களூரில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த செல்போனைத் தொட்டேன்.

அதில்தான் அந்த வெள்ளைக்காரக் கிழவர்களைப் பார்த்தேன். என்னைப் போலவே வேலையை விட்டு வீட்டில் இருப்பவர்கள். ஒரு பழைய காரைக் கொண்டு வருகிறார்கள். கூரையை அறுத்து எறிகிறார்கள். மூடியைக் கழற்றி என்ஜினை வெளியே காட்டுகிறார்கள். மட்கார்டு கிடையாது. வண்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அதற்கு ஹாட் ராட் என்று பெயராம். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

பழனியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதென்னுங்க சட்டை போடாத காரு?" என்றாள்.

"இதைத்தான் நான் செய்யப் போறேன்."

"செய்ங்க. மிளகுக் கொடி பக்கம் வராம இருந்தாச் செரி."

மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஏற்றி இடுப்பொடிந்து கிடந்த ஒரு டீசல் பிக்கப் வண்டியைப் பிடித்தேன். மாட்டுக்கொட்டகையின் பாதியை வளைத்துப் போட்டேன். (மாடு எதிர்ப்புத் தெரிவித்தது. முதல் வாரமே என் அளவு டேப்பைத் தின்றுவிட்டது.) வண்டியின் பழைய கூண்டை வெட்டி எறிந்து, புதுத் தகரத்தில் ஒரு பாடி அடித்தேன். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொல்ல அனுமதியுங்கள். முன்பக்கம் வாழைப்பூ மாதிரி கூம்பி, பின்பக்கம் வழவழவென்று இறங்கும். பக்கவாட்டில் தீப்பிழம்பு வரைந்தேன். பட்டறைப் பழக்கத்தில் கை தானாகப் போய், பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதிவிட்டது.

எல்லாம் சரி, வண்டிதான் தரையில் படுக்க மாட்டேன் என்றது. ஆட்டுக்கடா மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன், வாழ்க்கையில் முதல்முறையாக. பின்சக்கரம் இரண்டையும் சுற்ற வைக்கிற ஆக்சிலுக்கு மேலே ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்திருந்தது. பட்டையை ஆக்சிலுக்குக் கீழே கொண்டுபோனால் வண்டி இறங்கிவிடும். பட்டை உட்காரும் இடம் மேல்பக்கம்தான் இருக்கிறது. அதனாலென்ன, ஆக்சிலையே தலைகீழாகப் புரட்டிப் போட்டால் போச்சு!

இதை ஒரு மெக்கானிக்கிடம் கேட்டிருக்கலாம். மலைக்குக் கடைத்தெருவான செம்மேட்டில் ஆள் இருக்கிறார். கேட்பதற்காக அவர் கடை வரைக்கும் போனேன். உள்ளே நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த நாள் ஆக்சிலைப் புரட்டி மாட்டினேன். வண்டி அழகாகப் படுத்துக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் அரியூர் நாட்டில் என் மச்சினன் செல்வராசு, அதாவது பழனியம்மாவின் தம்பி, வீடு கட்டிக்கொண்டிருந்தான். வரும்போதெல்லாம் கொட்டகையில் எட்டிப் பார்ப்பான்.

"மாமா, உங்க காரு முடியறதுக்குள்ள என்ற ஊடு முடிஞ்சு, வெள்ளையடிச்சு, அந்த வெள்ளையும் உரிஞ்சிரும் போங்க."

பழனியம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன்ற ஊட்டுப் புண்ணியார்ச்சனைக்கு நான் இந்தக் கார்லதான்டா வருவேன். வேற எதுலயும் வரமாட்டேன்" என்று சொல்லிப்போட்டாள்.

புதுவீடு குடிபுகுவதைத்தான் எங்கள் பக்கம் புண்ணியார்ச்சனை என்போம். அவர்கள் குடும்ப வழக்கப்படி முதலில் பசுமாடு உள்ளே போக வேண்டும். பிறகு கூடப்பிறந்தவள் தன் வீட்டுப் பாலைக் கொண்டுவந்து அடுப்புப் பற்ற வைத்துக் காய்ச்ச வேண்டும். எல்லாம் ஒன்பது மணிக்குள். அவனுக்கு இருப்பது ஒரே அக்கா. இவள் போய்ச் சேராவிட்டால் புதுவீட்டில் அடுப்பு எரியாது. அவள் போய்ச் சேருவதோ என் கையில்.

முந்தின நாள் சாயங்காலம் கடைசி நட்டை முடுக்கினேன். வண்டியைக் கட்டைமேல் ஏற்றி, சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து கியர் போட்டேன். பின்சக்கரம் சுற்றியது! என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பழனியம்மா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஏனுங்க, சக்கரம் பின்னால சுத்தறாப்பல இருக்குதுங்களே?"

"வேகமாச் சுத்துனா கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். சினிமாவுல பார்த்ததில்லையா?"

"ஓ" என்றாள். (அந்த "ஓ"வை நான் கவனித்திருக்க வேண்டும்.)

காலையில் சொந்தக்காரர்கள் வேனில் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பழனியம்மா கையை ஆட்டி அனுப்பிவிட்டாள். முதல் பஸ்ஸும் போனது. பட்டுச்சேலை கட்டி, பால் நிறைந்த, மூடி போட்ட தூக்குப்போசியோடு வந்து காரில் உட்கார்ந்தாள். வேலி ஓரம் பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் நின்றது. எனக்கு அப்போதே காது சிவந்துவிட்டது. முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டேன்.

கார் பின்னால் போய் வைக்கோல் போரில் ஏறியது.

தப்பாக ரிவர்ஸைப் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று இரண்டாவது கியரைப் போட்டேன். போருக்குள் இன்னும் ஆழமாகப் போனோம். மூன்றாவதுக்கு வேலையே இல்லை, எங்களைச் சுற்றிலும் வைக்கோல். கடைசியில் ரிவர்ஸைப் போட்டேன். கார் "ஙொய்ய்ய்" என்று அழுதுகொண்டே முன்னால் நகர்ந்து வெளியே வந்தது.

பழனியம்மா தலையில் இருந்த வைக்கோலை எடுத்தபடி கேட்டாள். "முன்னால போற கியர் எதுங்க?"

"ரிவர்ஸ்."

"பின்னால போறது?"

"மத்த நாலும்."

வேலி ஓரம் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள்.

சரி, அந்த அழுகிற கியரிலேயே போய்விடலாம் என்று ரோட்டுக்கு வந்தோம். (ஆர்.டி.ஓ. ஆபீஸில் யாராவது இதைப் படித்தால், நாங்கள் கடைசிவரை தோட்டத்துக்குள்ளேதான் இருந்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். பிறகு அவருடைய ஆடுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. ஒரு ஆடு மட்டும் நின்று தீப்பிழம்பை நக்கிப் பார்த்தது. ரேடியேட்டரில் ஆவி கிளம்பியது.

"இப்படிப் போனா சாயங்காலம்தான் போவோம்" என்றாள் பழனியம்மா. பின்பக்கம் திரும்பி ரோட்டைப் பார்த்தாள். "வண்டியைத் திருப்புங்க."

"வீட்டுக்கா?"

"பின்னால போறதுதானுங்களே வேகமாப் போகுது? அப்ப பின்னாலயே போலாம்."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு அன்றுதான் அவள் யாரென்று தெரிந்தது. வண்டியைத் திருப்பினேன். அவள் தூக்குப்போசியை என் மடியில் வைத்து, துண்டால் என் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, சீட்டில் முழங்கால் போட்டுப் பின்பக்கம் பார்த்து நின்றாள். அழகு கெட்டுவிடும் என்று நான் காருக்குப் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடிகூட வைத்திருக்கவில்லை.

"பட்டறைக்கு எதிர்த்தாப்பல இத்தன வருசம் குடியிருந்தேன். கிளீனர் பசங்க கத்தறது எனக்குத் தெரியாதுங்களா? வுடுங்க! வரட்டும்... வரட்டும்... வரட்டும்!"

கிளம்பினோம். முதல் வளைவிலேயே "லெஃப்ட்டு!" என்றாள். ஒடித்தேன். அது அவளுடைய லெஃப்ட், என்னுடைய ரைட். மிளகுக் கொடி சுற்றிய மரம் ஒன்று என் காதை உரசிக்கொண்டு போனது.

"லெஃப்ட்டு ரைட்டெல்லாம் வேண்டாமுங்க" என்றாள். "மேட்டுப்பக்கம்னா மேடு. பள்ளத்துப்பக்கம்னா பள்ளம். செரிங்களா?"

மலை ரோட்டில் ஒருபக்கம் மேடு, ஒருபக்கம் பள்ளம். எப்படித் திரும்பி உட்கார்ந்தாலும் மேடு மேடுதான். அதற்குப்பிறகு பிசகவே இல்லை. "மேடு... மேடு... நேரா வரட்டும்... பள்ளம் கொஞ்சம்... அய்யோ போதும், மேடு!" இரண்டாவது கியர் போட்டேன். பயம் போய்விட்டது. காற்று என் பிடரியில் அடித்தது. நான் சத்தமாகச் சிரித்தேன் என்று அவள் இன்றும் சொல்கிறாள்.

அப்போதுதான் அடுத்த பஸ் வந்தது.

யோசித்துப் பாருங்கள். எங்களுக்குப் பின்னால் வருகிற பஸ். ஆனால் கார்தான் பின்னால் போகிறது, நான் காரின் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். எனவே பஸ் வந்து சேர்ந்தது சரியாக என் முகத்துக்கு நேராக. டிரைவர் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். அவர் போகிற பக்கத்திலேயே ஒரு கார் நேருக்கு நேர் வருகிறது! ஹாரன் அடித்தார், லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார், கையை ஆட்டினார். எவ்வளவு நேரமாகியும் அந்தக் கார் கிட்டவே வரவில்லை. மெதுவாக அவர் முகத்தில் பயம் போய்க் குழப்பம் வந்தது. பிறகு கண்ணாடி முழுக்க முகங்கள் வந்தன. டிரைவருக்குப் பக்கத்தில், அவருக்கு மேலே, ஜன்னலுக்கு வெளியே.

ரோடு குறுகல். பஸ் தாண்ட முடியாது. ஒரு பஸ் நிறைய ஆட்களை, இடுப்பில் பால் போசியைக் கட்டிக்கொண்டு, நான் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே போனேன். எங்கே பார்ப்பது? மேலே பார்த்தேன். கீழே பார்த்தேன். கடைசியில் வேறு வழியில்லாமல் டிரைவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன். அவரும் வைத்தார்.

அகலமான ஒரு திருப்பத்தில் ஓரம் கட்டினோம். பஸ்ஸும் பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏனுங்கண்ணா, பின் ஆக்சிலைத் தலைகீழா மாட்டிட்டீங்களா?"

"ஆமாங்க."

"அதாங்க. ஆக்சிலைப் புரட்டுனா சக்கரம் சுத்தற திசையும் புரண்டு போயிருமில்லீங்க."

(ஓ.)

கண்டக்டர் படியில் இருந்து கூப்பிட்டார். "அக்கா, ஏறி வாங்க. நாங்க கொண்டுபோய் வுட்டுர்றோம்."

ஏறச் சொல்லி நானும் கெஞ்சினேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பழனியம்மா சீட்டில் முழங்கால் போட்டபடியே திரும்பிப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரரு காரு செஞ்சிருக்காருங்க. நான் கார்லதான் போவேன். நீங்க வேணும்னா முன்னால போங்க."

"இல்லீங்கக்கா, இதைப் பார்க்காமப் போனா பஸ்ஸுல இருக்கிறவங்க என்னையக் கொன்னே போடுவாங்க" என்றார் கண்டக்டர். விசிலை ஊதினார். நாங்கள் முன்னால், முகத்தைக் காட்டிக்கொண்டு. பஸ் பின்னால். மறுபடியும் "வரட்டும், வரட்டும்".

செல்வராசு வீட்டில் அப்போது வேறொரு சங்கடம் நடந்துகொண்டிருந்தது. அக்கா வரவில்லை என்பது ஒன்று. பசுமாடு உள்ளே போக மாட்டேன் என்று வாசற்படியில் காலை ஊன்றிக்கொண்டது இன்னொன்று. நாலு பேர் பின்னால் தள்ள, செல்வராசு உள்ளே நின்று வாழைப்பழத்தைக் காட்டிக் கெஞ்சிக்கொண்டிருந்தானாம். ஒன்பதை நெருங்கிவிட்டது.

அந்த நேரத்தில் இறக்கத்தில் இருந்து ஒரு பெரும் இரைச்சல். (சைலன்சரும் அழகைக் கெடுக்கும் என்று கழற்றியிருந்தேன்.) முதலில் தெரிந்தது பழனியம்மா. காற்றில் சேலை பறக்க, இரண்டு கையையும் விரித்து "வரட்டும்! வரட்டும்! வரட்டும்!" என்று கத்திக்கொண்டு வாசலை நோக்கி வந்தாள். அவளுக்குக் கீழே "ஒலி எழுப்பவும்". கூடவே பஸ் ஹாரன், விசில்.

மாடு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அடுத்த நொடி புதுவீட்டுக்குள் பாய்ந்தது. கூடம், சமையலறை, படுக்கையறை என்று எல்லா அறைக்கும் போய், ஒவ்வொன்றிலும் தாராளமாகச் சாணி போட்டுவிட்டுத்தான் நின்றது.

பந்தக்காலுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். பழனியம்மா குதித்து இறங்கி, என் இடுப்பில் இருந்த போசியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுப்புப் பற்றியது. பால் பொங்கியது. ஒன்பது மணிக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். செல்வராசு கையில் வாழைப்பழத்தோடு வந்து காரை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கமுங்க?"

என் மூஞ்சியை எந்தப் பக்கம் வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அதற்குள் பெரியவர் ஒருவர் பந்தலில் சத்தமாகச் சொன்னார். "மாடு யாரும் தொடாமத் தானா உள்ள போயி, ஒரு ரூம்பு பாக்கியில்லாமச் சாணி போட்டுதுன்னா, இந்த ஊட்டுக்கு ஒரு கொறையும் வராதப்பா."

அந்த ஒரு வார்த்தை என்னைக் காப்பாற்றியது. அதே வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

செம்மேட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆக்சிலைச் சரியாக மாட்டிவிட்டேன். (நாலு பேர் நின்றிருந்தும் கேட்டேன்.) இப்போது கார் முன்னால்தான் போகிறது. ஆனாலும் எங்கள் சொந்தத்தில் யார் போன் செய்து "கிளம்பிட்டோம்" என்றாலும், "முன்னாலயா, பின்னாலயா?" என்றுதான் கேட்கிறார்கள். புதுவீடு கட்டுகிறவர்களோ விடுவதே இல்லை. "செல்வராசு ஊட்டுக்கு வந்தாப்பலயே எங்கூட்டுக்கும் வரோணும்" என்று பழனியம்மாவுக்குத்தான் வெற்றிலை பாக்கு வைக்கிறார்கள். நான் வெறும் டிரைவர்.

போன வாரம் பெரக்கரை நாட்டில் இருந்து ஒருவர் வந்தார். நான் கூச்சத்தை விட்டு விளக்கிச் சொன்னேன். இப்போது பின்னால் போவதற்கு ரிவர்ஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மெதுவாகத்தான் போகும், அந்த வேகத்துக்கெல்லாம் மாடு மிரளாது என்று. அவர் முகம் வாடிவிட்டது. காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, மறுக்காத் தலைகீழா மாட்டறதுக்கு எத்தன நாளாகுமுங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையில் இருந்து பதில் வந்துவிட்டது.

"நாளைக்கே மாட்டிருவாருங்க. நீங்க தைரியமாப் போயி நாள் குறிங்க!"