கூடப்படிக்கும் அப்பா

விலங்குக் காட்சிசாலையில் கூண்டில்லாமல் உலவும் இனம் ஒன்று உண்டு. கோடை விடுமுறையில், குழந்தைகளுக்கான ஒரு வார முகாம் நடக்கும்போது மட்டுமே தென்படும். காலை ஒன்பது மணிக்குப் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு, விட்டது தொல்லை என்று மற்ற பெற்றோர் ஓட்டம்பிடிக்க, இது மட்டும் தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்றுத் தொப்பி, கொசுக்கடிக்குக் களிம்பு சகிதம் வேலியோரம் நின்றுவிடும். பெயர், கூடப்படிக்கும் அப்பா. உங்களுக்குத் தெரியாதவரா என்ன?

நம்மவர் காப்பீட்டு அலுவலக ஊழியர். "பொண்ணுக்கு கேம்ப் சார்" என்று சொல்லி ஐந்து நாள் விடுப்பு வாங்கியிருந்தார். கேம்ப் பெண்ணுக்குத்தானே, உமக்கெதற்கு லீவு என்று மேலாளர் கேட்கவில்லை. அவரும் ஒரு தகப்பன்.

முகாம் நடத்தும் பெண்ணைக் குழந்தைகள் அக்கா என்றார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த நம்மவரும் இரண்டாம் நாளிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டார். ஒட்டகச்சிவிங்கி எவ்வளவு நேரம் தூங்கும் என்று அக்கா கேட்டால், குழந்தைகள் யோசிப்பதற்குள் வேலிக்கு வெளியே ஒரு கை உயரும்.

"சார், பசங்க சொல்லட்டும்."

"இல்லக்கா, இவளுக்குத் தெரியும். கூச்சப்படுறா. சொல்லும்மா, நேத்து படிச்சோமே."

எட்டு வயது மகள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

முகாமில் ஒரு வழக்கம். ஆளுக்கொரு விலங்கு, தினமும் அரைமணி நேரம் அதன் கூண்டெதிரே உட்கார்ந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் நோட்டில் எழுத வேண்டும். சிறந்த நோட்டுக்காரர், அந்த வாரம் பிறக்கப்போகும் ஒரு குட்டிக்குப் பெயர் வைக்கலாம். எந்த விலங்கின் குட்டி என்பது ரகசியம். அந்தப் பெயருக்காக மகள் உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். பெயர்கூட முடிவாகிவிட்டது. அப்பாவிடம் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் திருத்துவார்.

அவளுக்குக் கிடைத்தது முள்ளம்பன்றி. வியாழன் மாலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் நம்மவர் நோட்டைத் திறந்தார். முதல் நாள், 'தூங்குகிறது.' அடுத்த மூன்று நாளும், 'இன்று வரவில்லை' என்று தொடங்கி ஏதோ நாலைந்து வரி. அவருக்குப் பகீரென்றது. இதற்கா வெயிலில் நான்கு நாள் காய்ந்தோம்? மேற்கொண்டு படிக்கப் பொறுமையில்லை. மூன்று பக்கத்தையும் ரப்பரால் அழித்து, கலைக்களஞ்சியத்தை மடியில் விரித்து, பிள்ளைக் கையெழுத்தாகத் தெரியட்டும் என்று இடக்கையால் எழுதித் தள்ளினார். கிழங்கு தோண்டியது. முட்களைச் சிலிர்த்து எதிரியை எச்சரித்தது. கூண்டுக்குள் ஏது எதிரி? புத்தகத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை, பெற்றோர் நிறைந்த கூடத்தில் அக்கா நோட்டைப் புரட்டினாள். புருவம் ஏறியது.

"பாப்பா, செவ்வாய்க்கிழமையே முள்ளம்பன்றிய பிரசவத்துக்குக் கொண்டுபோயிட்டோம். குட்டி போடப் போனது அதுதான். வேற விலங்கு தரட்டுமான்னு கேட்டதுக்கு, வேணாம், வரும்னு அந்தக் காலிக் கூண்டு முன்னாடியே உக்காந்திருந்த. இத நீயா எழுதின?"

மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். உதடு துடித்தது. வேலியோரத்திலிருந்து அவளுடைய பின்னந்தலையை மட்டுமே நாலு நாளும் பார்த்திருந்த நம்மவருக்கு, அந்த முகம் தாங்கவில்லை. கை உயர்ந்தது. சரியான விடை அவருக்கு மட்டுமே தெரிந்த ஒரே கேள்வி.

"நான்தாங்க எழுதினேன். அவ எழுதினத அழிச்சிட்டேன்."

கூடம் கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தாள். மகள் பென்சிலை அழுத்தி எழுதுபவள். தடம் அப்படியே இருந்தது. அக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

'இன்று வரவில்லை. தட்டில் கேரட் அப்படியே இருக்கிறது.'

'இன்று வரவில்லை. கேரட்டை எறும்புகள் எடுத்துப் போகின்றன. ஒரு முள் கிடக்கிறது.'

'இன்று வரவில்லை. தட்டு காலி. அணில் வந்து தட்டைப் பார்த்தது. அதற்கும் ஏமாற்றம்.'

நோட்டை மூடி மகளிடம் நீட்டினாள். "குட்டிக்கு என்ன பேரு?" என்றாள் அக்கா.

"தட்டு."

நம்மவரின் கை தானாக மேலே கிளம்பியது. மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். கை போன வேகத்தில் தலையைச் சொறிந்துவிட்டுக் கீழே வந்தது. அந்த ஒரு வாரத்தில் அவர் உருப்படியாகக் கற்றது அதுதான். அக்கா பலகையில் எழுதினாள்: தட்டு.

போகட்டும், உங்களை ஒன்று கேட்கிறேன். இதெல்லாம் ஒரு பெயரா, அழகாக ஏதாவது வைத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு நொடி தோன்றியதா, இல்லையா? இரண்டு மூன்று பெயர்கூட மனதில் வந்திருக்குமே?

தயவுசெய்து கையைக் கீழே இறக்குங்கள். குழந்தைகள் சொல்லட்டும்.